இறங்காத வீடு

சித்திரையில் கண்மாய் வற்றியதும் ஊரே இறங்கி மீன் பிடித்தது. பிடித்ததைக் கரையில் குவித்து, வீட்டுக்கு ஒரு கூறு போட்டுக்கொண்டிருந்தார் நாகையா. மாடத்தியின் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டை அவர் கூப்பிட்டதும் அவள் சட்டியோடு முன்னால் வந்தாள்.

"எங்க வீட்டுக் கூறு எங்க மாமா?"

"ஆள் இறங்காத வீட்டுக்குக் கூறு கிடையாது. ஊர்க்கட்டுப்பாடு தெரியும்ல?"

"நான் இறங்க வந்தேன். பொம்பள இறங்கக் கூடாதுன்னு வெரட்டுனது யாரு?"

"அதுவும் கட்டுப்பாடுதான்."

"சரி. எங்க வீட்டுல இருந்து ஆள் இறங்கியாச்சு. கூறைப் போடுங்க."

"விடிஞ்சதுல இருந்து இங்கனதான் நிக்கேன். உன் வீட்டுல இருந்து எவன் இறங்கினான்?"

"இன்னைக்கு இல்ல. போன ஐப்பசியிலேயே இறங்கியாச்சு."

ஈர வேட்டியோடு நின்ற ஒருவன் சிரித்தான். "அம்புட்டு நாளா கரையேறலியாக்கும்?"

"எப்படி ஏறுவாரு? பட்டாசுக் கம்பெனியில வெந்து செத்த எம் புருசன் சாம்பல இந்தத் தண்ணியிலதான கரைச்சாக."

மாடத்தி சட்டியை நாகையாவின் காலடியில் வைத்தாள்.

"பங்காளின்னு நீங்கதான மாமா கரைச்சீக? அதே கையால அள்ளிப் போடுங்க."