அலமாரிக்குப் பின்னால் இருந்த பேர்

"அங்க எழுதியிருந்தது யார் பேரு?" என்று கேட்டார் டீச்சர்.

கொத்தனார் திரும்பவில்லை. அவர் காலடியில் சிமென்ட் சில்லு சில்லாகக் கிடந்தது. கையில் உளி.

பூட்டிக் கிடந்த பழைய பிரசவ ஆஸ்பத்திரி அது. அதை முன்பு இருந்த மாதிரியே ஆக்க வேண்டும் என்று பத்துப் பதினைந்து பேர் ஞாயிறுதோறும் வருவார்கள். யாருக்கும் கூலி கிடையாது. சுவரில் இருக்கும் சிமென்ட்டைக் கொத்தி எடுப்பார்கள். பிறகு அந்தக் காலத்து மாதிரியே சுண்ணாம்புக் காரை குழைத்துப் பூசுவார்கள். அவர்களில் தொழில் தெரிந்தவர் கொத்தனார் ஒருத்தர்தான். அவர் சொல்வதை மற்றவர்கள் செய்வார்கள்.

இதை ஆரம்பித்தது டீச்சர். முப்பத்தைந்து வருஷம் முன்னால் அவருடைய அக்கா இந்த வார்டில்தான் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் மழையில் கூரை இறங்கிவிட்டது. அக்காவை உயிரோடு எடுக்க முடியவில்லை. பிள்ளையும் தங்கவில்லை.

கூரை ஏன் விழுந்தது என்று கொத்தனார்தான் கண்டுபிடித்துச் சொன்னார். சுண்ணாம்புச் சுவர் மழையில் குடித்த ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் யாரோ சிமென்ட்டை அப்பிவிட்டார்கள். ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நின்றது. சுவருக்குள் சொருகியிருந்த உத்தரம் நுனியிலிருந்து உளுத்துப் போனது.

அன்றிலிருந்து டீச்சருக்கு அதே நினைப்பு. பூசியது யார்? ஆஸ்பத்திரிக் காகிதம் எதிலும் பேர் இல்லை. ஆள் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு நாள் யாரோ கேட்டார்கள். ஒன்றும் செய்ய மாட்டேன், அவனோ அவன் வீட்டு ஆளோ இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார் டீச்சர். அதைச் சொல்லும்போது அவர் குரல்கூட உயரவில்லை.

இன்றைக்குக் காலையில் வார்டு மூலையில் இருந்த மர அலமாரியை நகர்த்தினார்கள். பாதிப் பேர் சாரம் கட்டப் போய்விட்டார்கள். டீச்சர், கூட வேலை செய்ய வரும் தையல்காரியின் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். தற்செயலாகத் திரும்பினார். கொத்தனார் அலமாரி இருந்த இடத்தில் பேய் பிடித்த மாதிரி கொத்திக்கொண்டிருந்தார். சிமென்ட் பூசின ஈரத்திலேயே ஆணியால் கீறின எழுத்து. பக்கத்தில் வருஷம். டீச்சர் பிள்ளையோடு எழுந்து வருவதற்குள் வருஷம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"உங்களத்தான் கேக்கறேன் கொத்தனாரே. யார் பேரு?"

எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். கொத்தனார் உளியைத் தரையில் வைத்தார்.

"என் பேருதான் டீச்சர்."

டீச்சர் பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா என் பக்கத்துலயே நின்னு எங்க அக்கா கதையைக் கேட்டீங்களே. எப்படி முடிஞ்சுது உங்களால?"

கூட்டத்தில் ஒருத்தர், அதானே பார்த்தேன், சும்மா வந்து உழைக்க இந்தாளுக்கு என்ன தலையெழுத்து என்று முணுமுணுத்தார்.

தையல்காரி டீச்சர் பக்கத்தில் போய் நின்றாள். புருஷன் விட்டுப்போன பெண். வாரத்தில் இந்த ஒரு நாள்தான் அவளோடு நாலு பேர் முகம் கொடுத்துப் பேசுவார்கள். அதிர்ந்து பேசாதவள் அன்றைக்குப் பேசினாள்.

"எங்கப்பாவும் கொத்து வேலை பார்த்தவர்தான். தப்பு செஞ்சா செஞ்சேன்னு சொல்வார். உங்கள மாதிரி ஒளிச்சு வைக்க மாட்டார்."

கொத்தனார் அதையும் கேட்டுக்கொண்டார். இனிமேல் வர வேண்டாம் என்றார் டீச்சர். கொத்தனார் வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார். பூச்சுக் கரண்டியைத் துடைத்துப் பைக்குள் போட்டார். வாசல் வரை போய் நின்று, அரைத்து வைத்த சுண்ணாம்பு காய்ந்துவிடும், மேலே ஈரச் சாக்கு போட்டு வையுங்கள் என்று மட்டும் சொன்னார். யாரும் தலையாட்டவில்லை.

அவர் வீட்டுக்குப் போய்ச் சேருமுன்பே சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. பெண்டாட்டி தட்டை ணங்கென்று வைத்தாள். கூரையைத் தள்ளிக் கொன்ற பாவிக்கா வாழ்க்கைப்பட்டாய் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாளாம். சிமென்ட் பூசின அந்த வருஷம் இவர் இந்த ஊரிலேயே இல்லை. வேறு ஊரில் சித்தாள் வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஊருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

"எவனோ செஞ்ச பாவத்தை எதுக்கு உங்க தலையில தூக்கிப் போட்டுக்கிட்டு வந்தீங்க? யார் பேருதான் அது?"

"தையக்காரியோட அப்பா பேரு."

அவளுக்குக் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. சோறு போட்டாள்.

"பாவம் அந்தப் பொண்ணு. யார் பேருன்னு தெரியாம உங்களைப் போய் அப்படிப் பேசிட்டாளே."

கொத்தனார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

"தெரியாம இல்லை. நான் அந்தச் சுவர்கிட்ட போறப்பவே அந்தப் பேரு மேல ஈரச் சுண்ணாம்பு அப்பியிருந்துச்சு. சின்னச் சின்ன விரல் தடம். அவ கை ரெண்டையும் முந்தானையில சுத்திக்கிட்டு, டீச்சர் மடியில இருக்கற பிள்ளையையே பார்த்துக்கிட்டு நின்னா. சிமென்ட்டு மேல சுண்ணாம்பு நிக்காதுன்னு அவளுக்குத் தெரியலை. அது வழிஞ்சு பேரு முழுசா வெளிய தெரியறதுக்குள்ளதான் நான் உளியை எடுத்தேன்."