தரையில் இரண்டு தட்டு

எறும்புப் புற்றுக்குள் போகிற யாரும் வாசல் காவலாளியின் உணர்கொம்பைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். செவ்வி என்ற எறும்பின் மகனுக்கோ யாரையாவது தொட்டாலே உடம்பெல்லாம் நடுங்கும். மழை இருட்டிக்கொண்டு வந்த அன்று காவலாளி அவனை மறித்துவிட்டார்.

“எல்லாரும் தொடுறாங்க. இவன் மட்டும் என்ன மகாராசாவா?”

“மகாராசா இல்லண்ணே, என் பிள்ளை. தரையில ரெண்டு தட்டு தட்டுவான். அதுதான் அவன் வணக்கம். நீங்க அதை ஏத்துக்கிற வரைக்கும் நானும் வெளியிலயே நிக்கிறேன்.”

மகன் தட்டினான். முதல் துளி விழுந்தது. காவலாளி முனகிக்கொண்டே வழிவிட்டார்.

மறுநாள், காவலாளியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் வழிநெடுக மனப்பாடம் செய்துகொண்டே செவ்வி வந்தாள். அவள் வாயைத் திறக்குமுன் காவலாளி குனிந்து தரையில் இரண்டு தட்டு தட்டினார். மகனும் திருப்பித் தட்டிவிட்டு உள்ளே ஓடினான். பேச வந்ததை மறந்துவிட்டு செவ்வி அவன் பின்னால் போனாள்.