அம்மா இருந்தாங்க

"சின்ன வயசுல உங்கள யாராச்சும் அடிச்சிருக்காங்களா, அண்ணே?"

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு மனநலக் கிளினிக். மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் சிறு வயதில் என்னென்ன துன்பப்பட்டார்கள் என்று அளக்கும் ஆய்வு அது. கேள்வி கேட்பது புனிதாவின் வேலை. எதிரே பத்துமலை உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர். லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டம் இப்போது வீடுகள் நிறைந்த தாமானாகிவிட்டது.

"அப்பா அடிப்பாரு. குடிச்சா பெல்ட்டு, குடிக்கலன்னா கையி."

"வீட்டுல தனியா விட்டுட்டுப் போயிருக்காங்களா?"

"பால்மரம் வெட்டப் போறப்ப வெளிய பூட்டிட்டுப் போவாரு. ஆனா தனியா இல்ல லா. அம்மா இருந்தாங்க."

பெண்டாட்டியையும் சேர்த்தா பூட்டினார்? புனிதாவின் பேனா ஒரு கணம் நின்றது.

"உங்க மேல பாசமா யாராச்சும் இருந்தாங்களா? எப்பவும் இருந்தாங்கன்னு போடவா, எப்பவாச்சும்னு போடவா?"

"எப்பவும்னு போடுங்கம்மா." அவர் முகம் மலர்ந்தது. "அடி வாங்கிட்டு மூலையில படுத்திருப்பேன். அழாத சாமி, விடிஞ்சா சரியாப் போயிடும்பாங்க. அப்பா காதுல விழாம மெதுவாத்தான் பேசுவாங்க. நான் பெரியவனாகி ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனப்பவும் வந்தாங்க. சாப்டியா சாமின்னு கேக்காத நாளே இல்ல."

"இப்ப எப்படி இருக்காங்க?"

பத்துமலை கைகளைப் பிசைந்தார்.

"இப்ப வர்றதில்லம்மா. ஹரிராயா பெருநாளுக்கு முன்னாடி வந்ததுதான். நான் என்னா தப்பு பண்ணேன்னு தெரியல. அவங்க கேக்காம சோறு எறங்க மாட்டேங்குது. நீங்க படிச்சவங்க. அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்றீங்களா?"

"சொல்றேண்ணே," என்றாள் புனிதா. வேறு எதுவும் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

வெளியே அவருடைய அக்கா நவமணி மருந்துப் பையோடு காத்திருந்தார். புனிதா அவர் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, அம்மாவ ஒரு தடவ கூட்டிட்டு வாங்களேன். என்னா கோவமா இருந்தாலும் பரவால்ல. அண்ணன் ரொம்ப ஏங்கிப் போயிருக்காரு. அவங்க வந்து ரெண்டு வார்த்த பேசினாப் போதும், சீக்கிரம் தேறிடுவாரு."

நவமணி கதவுக் கண்ணாடி வழியாகத் தம்பியைப் பார்த்தார். பத்துமலை அசையாமல், தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இவனப் பெத்த அன்னிக்கே அம்மா எறந்துட்டாங்கம்மா," என்றார் நவமணி. "காதுல கேட்டுக்கிட்டே இருந்த அந்தக் குரல்தான் இவனோட நோயி. புது ஊசி போட்டதுலேருந்து அது நின்னுடுச்சு."