பீமில் விட்ட துளை

ஒரு கட்டடத்தை வடிவமைக்கும் எல்லா அலுவலகங்களின் வரைபடங்களையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் கணினித் திரையில், ஒரு கான்கிரீட் பீமும் ஒரு தண்ணீர்க் குழாயும் சந்தித்தன. மோதிக்கொண்ட இடத்தில் இரண்டும் சிவப்பாகிவிட்டன.

“கொஞ்சம் தள்ளிக்கொள்ளேன்,” என்றது குழாய்.

“கூரையைத் தாங்குகிற என்னையா நகரச் சொல்கிறாய்? வளையத் தெரிந்தது நீதானே.”

“வளைந்து வளைந்துதான் இவ்வளவு தூரம் வந்தேன். அலுத்துவிட்டது.”

பீமுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. பொறியாளர்கள் கலந்து பேசி, சுற்றிலும் கூடுதல் கம்பி கட்டி, பீமில் ஒரு துளை விட முடிவு செய்தார்கள். சிவப்பு மறைந்தது.

“கான்கிரீட் இறுகியதும் வந்துவிடுவேன்,” என்றது குழாய். “துளையை அடைத்துவிடாதே.”

“உனக்காகத்தானே விடுகிறார்கள்.”

பிறகு குழாயை வரைந்த அலுவலகத்தில் யாரோ அதன் பாதையை மாற்றினார்கள். மாற்றியதை எல்லோரும் பார்க்கும் வரைபடத்தில் ஏற்ற மறந்துவிட்டார்கள். திரையில் மட்டும் குழாய் பீமுக்குள்ளேயே இருந்தது.

கான்கிரீட் இறுகியது. சுவர் எழுந்தது. பீம் துளையோடு காத்திருந்தது. குடும்பங்களும் குடிவந்தன.

ஒரு நாள் காலை, எதிர்ச் சுவருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

“நீயா?” என்றது பீம்.

“நான்தான். என்னை இந்தப் பக்கமாகக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தத் துளை இன்னும் திறந்தா இருக்கிறது?”

பீம் பதில் சொல்வதற்குள், யாரோ முகம் கழுவி முடித்துத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள்.