பந்தலுக்கு வெளியே விழுந்த தடம்

படப்பைக்குப் பக்கத்துப் பங்களாத் தோட்டம் போன மாதம்தான் பஞ்சாயத்துப் பூங்காவானது. கல்தூண்கள் மேல் காகிதப்பூ அடர்ந்த கொடிப்பந்தலுக்குள், சிமெண்டு பெஞ்சில் அன்னபுஷ்பம் உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் சின்னப்பன் வெளியே சாயங்கால வெயிலில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முப்பது வருஷம் இருவரும் இந்தக் கொடிகளுக்குத் தண்ணீர் சுமந்து, புல்லில் உதிர்ந்த பூக்களைப் பொறுக்கியவர்கள். வேலையாட்கள் பந்தலுக்குள் கால் வைக்கக் கூடாதென்பது பங்களாவிலிருந்த வெள்ளைக்காரத் துரை போட்ட சட்டம். அவர் கப்பலேறிய பிறகு வந்த முதலாளியும் அதை மாற்றவில்லை. பந்தலை ஒட்டிப் புல்லில் நடந்து நடந்து விழுந்த தடத்தின் மேல்தான் சின்னப்பன் இப்போதும் நிற்கிறார். “உள்ள வாய்யா. இன்னும் எவன் அடிக்கப்போறான்?” “இன்னிக்குத் தொறந்து வுடுவான், நாளைக்குப் பூட்டுவான். எவனையும் நம்பறதுக்கில்ல.” “நாளைக்கு நான் கீறனோ இல்லியோ.” அவள் வயிற்றுக்கட்டிக்கு இனி வைத்தியமில்லை என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இங்கே ஒருநாள் அவரோடு உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

காவல்காரன் விசில் ஊதுகிறான். “யோவ் பெருசு, புல்ல மிதிக்காத. பந்தலுக்குள்ள நட!” சின்னப்பன் தலை இடித்துவிடும் போலக் குனிந்துகொண்டு போகிறார். பந்தல் அவர் தலைக்கு மேல் ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. பெஞ்சின் ஓரத்தில் உட்காருகிறார். அவருக்குச் சந்தோஷமோ துக்கமோ ஒன்றும் தட்டுப்படவில்லை. கை மட்டும் தானாக, உதிர்ந்து கிடக்கும் பூக்களைப் பொறுக்குகிறது. “வுடுய்யா, இனிமே நம்ம வேலையில்ல,” என்று அன்னபுஷ்பம் அவர் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். பொறுக்கியதை எங்கே போடுவதென்று தெரியாமல் அவர் கை மூடியே இருக்கிறது.