வலது டயர்

ஆறாவது ஞாயிற்றுக்கிழமையும் படகு இடது பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"மறுபடியும் காத்தைப் புடுங்கி விட்டுட்டான்" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தார் பல் டாக்டர். யார் என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மாடியை மட்டும் முறைத்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். படகும் அதைச் சுமக்கும் டிரெய்லரும் பாதித் தெருவை அடைத்துக்கொண்டிருப்பதால், வண்டி பழக வருகிறவர்கள் காரைத் திருப்ப முடியாமல் திணறுகிறார்கள் என்று ஏற்கெனவே இரண்டு தடவை சண்டைக்கு வந்தவர். மூன்றாவது தடவை பேச்சை விட்டுக் காரியத்தில் இறங்கிவிட்டார் என்பது டாக்டரின் கட்சி.

படகு வந்த கதை தனி. மகளுக்கு நிச்சயமான அன்று, தான் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவர் போல ஒரு மணி நேரம் அளந்தார் சம்பந்தி. டாக்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நம்மிடமும் ஒரு படகு இருக்கிறது, ஒரு நாள் ஏரிக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் டிரெய்லரோடு ஒரு பழைய படகைத் தேடி வாங்கினார்.

கல்யாணத்துக்குள் சம்பந்தியை அதில் உட்காரவைத்து ஏரியைச் சுற்றிக் காட்டாவிட்டால் மானம் போய்விடும். அதற்கு ஒத்திகை பார்க்கத்தான் ஞாயிறுதோறும் கிளம்புவார்கள். டயரில் காற்று இருக்காது. ஞாயிறு என்பதால் டயர் கடையும் லீவு. டாக்டர் அரை மணி நேரம் புலம்புவார். அப்புறம் மத்தியானம்வரை நன்றாகத் தூங்குவார்.

அடுத்த ஞாயிறு சம்பந்தியே வருகிறார் என்றதும் டாக்டரின் மனைவி பொறுமை இழந்தாள். மறுநாள் காலையிலேயே டயர் கடைக்காரரை வீட்டுக்கு வரவழைத்துவிட்டாள்.

அவர் குனிந்து தடவிப் பார்த்தார். ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த நாலு இலக்க எண்ணைக் காட்டினார். அது டயர் தயாரான வாரமும் வருஷமும். எட்டு வருஷம் ஆகியிருந்தது.

"கொஞ்சம்கூடத் தேயலையே?" என்றார் டாக்டர்.

"ஓடினாத்தானே சார் தேயும்? இது நின்னே கிழடாயிடுச்சு. வெடிப்பைப் பாருங்க."

அப்படியானால் நிதானமாகத் தேடி நல்லதாக வாங்கலாம், ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை என்றார் டாக்டர். பழைய கார் டயர் இரண்டு ஷெட்டில் கிடக்கிறதே என்றாள் மனைவி. கடைக்காரர் இரண்டையும் ஏற்கவில்லை. கார் டயர் பக்கவாட்டில் துவளும், வளைவில் திரும்பும்போது படகு ஆட்டம் போடும். டிரெய்லருக்கென்றே தடித்த பக்கத்தோடு வருவதைத்தான் போட வேண்டும், அது கடையிலேயே இருக்கிறது என்றார்.

சாயங்காலமே புது டயர் ஏறியது. எவ்வளவு காற்று என்பதும் டயரிலேயே அச்சடித்திருந்தது. அந்த அளவுக்கு அடித்துவிட்டு, வெயில் படாமல் மூடி வைக்கச் சொல்லிப் போனார் கடைக்காரர். மனைவி பழைய போர்வையை இரண்டாகக் கிழித்துப் போர்த்தினாள். டாக்டர் தினமும் போர்வையை விலக்கி, நோயாளியின் வாயைப் பார்ப்பதுபோல டார்ச் அடித்துப் பார்த்தார்.

ஞாயிறு காலை சம்பந்தி வந்து இறங்கினார். அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் பைனாகுலர். டயர் இரண்டும் கல்லாக இருந்தன. அவரைப் படகுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டு லைஃப் ஜாக்கெட் எடுக்க உள்ளே போனார் டாக்டர். அவர் திரும்பியதும் சம்பந்தி டீ குடிக்க உள்ளே போனார். கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும் என்று டாக்டர் வெளியிலேயே தங்கிவிட்டார்.

எல்லாரும் சாப்பாட்டுக் கூடையோடு வாசலுக்கு வந்தபோது படகு இடது பக்கம் சாய்ந்திருக்கவில்லை. சமமாக, சப்பணம் போட்டு உட்கார்ந்ததுபோல இருந்தது.

டாக்டர் வலது டயரை இரண்டு தடவை பார்த்தார்.

சம்பந்திக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எவ்வளவு ஆசையாக வந்தேன், இது எவன் வேலை என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். டாக்டரின் மனைவி பக்கத்து வீட்டைக் கை காட்டினாள். டிரைவிங் ஸ்கூல்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார்.

"ஆமாங்க, நான்தான்" என்றார்.

"உங்க பம்ப்பையாவது குடுங்க, காத்தடிச்சுக்கிறோம்" என்றாள் டாக்டரின் மனைவி.

"அது ரிப்பேருங்க."

சம்பந்தி பத்து நிமிஷம் அவரைக் காய்ச்சி எடுத்தார். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஏரிக்குக் கட்டிய சாப்பாட்டைக் கூடத்திலேயே பிரித்தார்கள். சம்பந்தி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சிரித்த முகமாகக் கிளம்பினார்.

டாக்டருக்கு மனசு உறுத்தியது. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போனார். ரிப்பேரான பம்ப்பால் தன் காருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"எதுக்குங்க பழியை ஏத்துக்கிட்டீங்க?"

"உங்களுக்குத் தண்ணியைக் கண்டாலே பயம்னு உங்க பொண்ணு சொல்லியிருக்கு. எங்கிட்டதானே வண்டி பழகுச்சு. நீங்க வாராவாரம் வால்வைத் திருகுறதை மாடியிலேர்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். கல்யாண நேரத்துல அதோட அப்பா தலைகுனிய வேணாமேன்னுதான் சொன்னேன்."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனைப் போய் ஆறு வாரமாகத் திட்டியிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

"நான் இடது டயரை மட்டும்தாங்க திருகினேன். எனக்காக நீங்க வலதையும் சேத்து..."

"நான் எதையும் தொடலைங்க. நீங்க லைஃப் ஜாக்கெட் எடுக்க உள்ள போனப்ப, உங்க சம்பந்தி ஷூ லேஸ் கட்டுற மாதிரி வலது டயர்கிட்டக் குனிஞ்சாரு" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். "அவர் போட்டிருந்தது செருப்பு."