நாற்பது சொட்டு

மாதம் பிறந்ததும் பிலோமினா ஒரு கண்ணாடிக் குப்பியோடு தெருவில் இறங்கிவிடுவாள். நாற்பது வீடு, வீட்டுக்கு ஒருவர், ஆளுக்கு ஒரு சொட்டு ரத்தம். எல்லாவற்றையும் ஒரே குப்பியில் விட்டு நூறு முறை குலுக்க வேண்டும். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று மொத்தத் தெருவுக்கும் ஓர் எண் வரும். அந்த எண் எல்லை தாண்டினால்தான் மருந்து. வந்தால் தெருவுக்கே வரும்.

அவள் கணவன் லூர்து, பழைய பேட்டரி உருக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவன். ஈறெல்லாம் கறுத்து, மணிக்கட்டு தொங்கிப்போய்க் கிடந்தான்.

ஆய்வக ஜன்னலில் நின்று கெஞ்சினாள். "எங்க வூட்டுக்காரருத மட்டும் தனியா பாருங்க சார்."

"தனியா பாக்கறத எப்பவோ நிறுத்தியாச்சும்மா. உங்க தெரு நல்லாத்தான் இருக்கு."

அந்த மாதம் அவன் விரலைக் குத்தியதும் பத்துச் சொட்டு பிழியத்தான் நினைத்தாள். லூர்து கையை இழுத்துக்கொண்டான்.

"வேணாம் பிலோ. ஈயம் இல்லாத ஒடம்புக்கு அந்த மருந்து போனா கிட்னிய தின்னுடும். எதிர்வூட்ல கைக்கொழந்த கீது."

ஒரு சொட்டோடு நிறுத்திக்கொண்டாள். எப்போதும்போல் நூறு முறை குலுக்கினாள்.

லூர்துவைப் புதைத்த மறுமாதம், அவனுக்குப் பதிலாகத் தன் விரலைக் குத்திக்கொண்டாள். ஜன்னலில் இருந்தவர் எண்ணைப் பார்த்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார்.

"ஒரே மாசத்துல உங்க தெரு எப்டித் தேறிடுச்சு பாரும்மா!"